கன்ட்ரோல் ரத்தம்

என் ரிசல்ட் பூஜ்யம் என்று வந்ததும் வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் படிக்க வந்தவள் பூஜ்யம் வாங்குவதில் என்ன அதிசயம் இருக்கிறது.

ஆனால் இது மார்க் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன் வகுப்பில் இருந்த பதினான்கு பேரும் ஆளுக்கொரு குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்திருந்தோம். பல்கலைக்கழகம் அதிலிருந்து ஆளாளுக்கு மரபணுவில் முக்கியமான பகுதிகளை எழுத்தெழுத்தாகப் படித்து ஒரு ஃபைலாகத் தந்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ரொம்பச் சுலபம். நம் ஃபைலை ‘நார்மல்’ என்ற ஃபைலோடு ஒப்பிட்டு எத்தனை இடத்தில் வித்தியாசம் என்று எண்ண வேண்டும். எண்ணுவதுகூட நாம் இல்லை, கம்ப்யூட்டர்தான். எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த உதுமானுக்கு முப்பத்தோராயிரம் வந்தது. கால்நடை டாக்டர் ஒருவருக்கு இருபத்தொன்பதாயிரம். எனக்கு மட்டும் பூஜ்யம்.

பாடம் எடுத்த ஆக்னஸ் மேடம் வந்து எட்டிப் பார்த்தார். நார்மல் ஃபைலையே இரண்டு தடவை போட்டிருப்பேன் என்றார். மறுபடி அவர் கண் முன்னாலேயே போட்டேன். பூஜ்யம். அப்போது அவர் முகம் கொஞ்சம் மாறியது. யாரிடமாவது ஃபைலை வாங்கி என் பெயரை மாற்றிக் கொடுத்தேனா என்று மெல்லக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. லேப் டெக்னீஷியனாகப் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியவள் நான். ஒரு ஆளுடைய ரத்தத்தை இன்னொரு ஆளுடையதாக மாற்றி எழுதியது கிடையாது. இன்னொரு குழாய் கொடுங்கள், இங்கேயே துப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னபடி துப்பியும் கொடுத்தேன்.

இந்த வயதில், மரபணுவைக் கம்ப்யூட்டரில் அலசும் உயிர்த்தகவலியல் சர்டிபிகேட் படிக்க வேண்டும் என்று எனக்கென்ன வேண்டுதலா. புதிதாக ஒரு விதி வந்திருந்தது. மரபணு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இந்தப் படிப்பை முடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டிலிருந்து எழுந்துவிட வேண்டும். எனக்கு வேலை தென்காசி ரோட்டில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தில். வேலையில் இருப்பவர்களுக்காக எட்டு மாதப் படிப்பு, ஞாயிறு தோறும் திருநெல்வேலியில் வகுப்பு. காலை ஏழரை பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வருவேன். உதுமான் மின்வாரியத்தில் இளநிலைப் பொறியாளர், மேலப்பாளையத்துக்காரர். கணக்கில் புலி. எனக்குக் கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கத் தெரியாது, அவருக்கு ரத்தம் என்றாலே மயக்கம். ஆளுக்குப் பாதி என்று ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு நாலு மாதம் ஓட்டியிருந்தோம்.

மூன்று வாரம் கழித்து இரண்டாவது எச்சிலின் முடிவு வந்தது. ஆக்னஸ் மேடம் என்னைத் தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதே பூஜ்யம்.

“உலகத்துல எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் வித்தியாசம் இருக்கும் உலகம்மாள். ஒரே மாதிரி பிறந்த இரட்டைக் குழந்தைங்களுக்குக்கூடப் பத்து இருபது வரும். பூஜ்யம் வரணும்னா ஒரு ஆளை அதே ஆளோட ஒப்பிட்டிருக்கணும்.”

அந்த நார்மல் ஃபைல் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். மென்பொருள் கம்பெனி கொடுத்தது என்றார். வெளிநாட்டு ஆளின் மரபணுவோடு ஒப்பிட்டால் நம் ஆட்களுக்குத் தேவையில்லாமல் ஆயிரம் வித்தியாசம் காட்டுகிறது என்று, இந்தப் பக்கத்திலேயே ஆரோக்கியமான ஒரு பெண்ணின் ரத்தத்தை எடுத்துச் செய்தார்களாம். தென்மாவட்ட நார்மல் என்று அதற்குப் பெயர். ஏழு வருடமாக எல்லோரும் அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயர், ஊர் எதுவும் யாருக்கும் தெரியாதாம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

லேப்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் மிஷினைப் போட்டதும் அது ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறதா என்று பார்க்க, அளவு தெரிந்த ரத்தம் ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். கம்பெனியிலிருந்து குப்பியில் வரும். வராத நாளில், வந்தும் கெட்டுப்போன நாளில், நாங்களே கையை நீட்டி எங்கள் ரத்தத்தை எடுத்து ஓட்டிவிடுவோம். எல்லா ஊரிலும் நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. எங்கள் மையத்தில் எப்போதும் என் கைதான். என் ஹீமோகுளோபின் பன்னிரண்டு புள்ளி நான்கு. மிஷின் அதைச் சொன்னால் மிஷின் சரி.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள், மரபணு மிஷினை நிறுவச் சென்னையிலிருந்து அந்தக் கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர் வந்தார். ஒரு நார்மல் ஆளின் ரத்தம் வேண்டும் என்றார். வருவதாகச் சொன்ன நர்ஸின் தங்கைக்குக் காய்ச்சல். இன்ஜினியருக்கு நாலு மணிக்கு ரயில். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் சேலை முந்தானையை ஒதுக்கிக் கையை நீட்டினேன். படிவத்தில் ஆரோக்கியமானவரா என்ற கட்டத்தில் நானே டிக் அடித்தேன். யோசிக்கவே இல்லை. எனக்கென்ன குறை, ஒரு நாள் லீவு போட்டதில்லை. அது மிஷினைச் சரிபார்க்க என்று நினைத்தேன். அந்த ரத்தத்தை வைத்துத்தான் ஊரையே அளக்கப்போகிறார்கள் என்று இன்ஜினியரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் மையத்தில் நடப்பது இதுதான். பிள்ளை இல்லாத தம்பதிக்கு மூன்றோ நாலோ கரு உருவாக்குவோம். ஒவ்வொரு கருவிலிருந்தும் இரண்டு செல் எடுத்து மரபணுவைப் படித்து நார்மலோடு ஒப்பிடும் மிஷின். எதில் வித்தியாசம் குறைவோ அந்தக் கருவைத் தாயின் வயிற்றில் வைப்பார்கள். மற்றவை போய்விடும். ஏழு வருடத்தில் அப்படிப் பிறந்தவை நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகள். மூன்றில் நாலில் எது என்னைப் போல் இருந்ததோ, அதுதான் பிறந்தது.

எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் தவறிப்போய் ஒன்பது வருடம் ஆகிறது. என் இடது காதுக்கு முன்னால், கன்னம் தொடங்கும் இடத்தில், குண்டூசி நுனி அளவுக்கு ஒரு துளை உண்டு, பிறவியிலேயே. எங்கள் ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில குடும்பங்களில் இருப்பதுதான். பள்ளிக்கூடத்தில் என்னை ஓட்டைக் காதி என்பார்கள். அன்றிலிருந்து முடியை அதன் மேல் இழுத்துவிட்டுத்தான் பின்னுவேன்.

மறுநாள் காலை எங்கள் தெருமுனையில் பள்ளிக்கூட வேன் நின்றது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சும்மாதான் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த பையனின் காதுக்கு முன்னால் அதே துளை. அவனுக்குப் பின்னால் இருந்த பிள்ளைக்கும். ஏறக் காத்திருந்த இரட்டைப் பின்னல்காரிக்கும். பதினொரு குழந்தைகளில் ஐந்து பேருக்கு இருந்தது. எங்கள் மையம் வந்த பிறகு இந்த ஊரில் பாதிப் பேருக்கு அங்கேதான் பிள்ளை பிறக்கிறது. ஜன்னலோரப் பையன் என்னையே பார்த்தான். என் கை தானாக முடியை இழுத்துக் காதை மூடியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மறைப்பதில் அர்த்தமில்லை. பயமாக இருந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது. அவர்கள் யாரும் என் பிள்ளைகள் இல்லை, என் ரத்தம் ஒரு சொட்டுகூட அவர்களிடம் இல்லை. இருந்தும் அந்த வாரம் முழுக்கக் கடைத்தெருவில், கோயிலில், பஸ்ஸில் குழந்தைகளின் காதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பார்த்த இடத்தில் எல்லாம் மனசு குளிர்ந்துபோனது.

அடுத்த ஞாயிறு உதுமான் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மனைவிக்கு ஊரில் ஏதோ கல்யாணம். பெண் பெயர் நஸ்ரின், ஆறு வயது. எங்கள் பெஞ்சில் நடுவில் உட்கார்ந்து படம் வரைந்தாள். அவள் காதிலும் இருந்தது. அதைத் தொட்டு, இது ராசியான துளை என்று வீட்டில் சொல்வார்கள் என்றார் உதுமான். அவர் மனைவிக்கும் அதே இடத்தில் உண்டாம். மூன்று கரு இருந்ததில் இவளுக்குத்தான் ஸ்கோர், அதாவது வித்தியாச எண்ணிக்கை, ரொம்பக் குறைவு என்று எங்கள் டாக்டர் வாழ்த்தினாராம்.

“உங்க மையத்துப் புண்ணியம்க்கா” என்றார். எனக்கு ஏனோ அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இறுதித் திட்டத்துக்கு ஆக்னஸ் மேடம் எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். நார்மல் என்று எல்லோரும் நம்பும் ஃபைலை வெளிநாட்டு ஃபைலோடு வரிவரியாக ஒப்பிட்டு, அந்த நார்மல் எவ்வளவு நார்மல் என்று எழுதச் சொன்னார். அது நான்தான் என்பது எங்கள் இருவருக்கு மட்டும் தெரியும். நாலு வாரம் பார்த்தேன். பெரும்பாலும் ஒன்றும் இல்லாத வித்தியாசங்கள். கடைசியில் ஒரு வரியில் விரல் நின்றது. இதயத் தசையைக் கட்டி நிறுத்தும் ஒரு ஜீனில் இருபத்தைந்து எழுத்து என்னிடம் இல்லை.

மேடமிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அந்த வரியைப் படித்துவிட்டு, அம்மா அப்பா இருக்கிறார்களா என்று கேட்டார். அம்மா நாற்பத்தொன்பது வயதில் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தவள், மண்ணெண்ணெய் கேனோடு அப்படியே சரிந்தாள். வெயில் என்றார்கள். கண்ணேறு என்றார்கள். பக்கத்தில் நின்றிருந்தவளோடு சண்டைக்குப் போனார் என் அப்பா.

“உங்களுக்கும் இதயத் தசை மெதுவாத் தடிச்சிட்டு வரும்” என்றார் மேடம். “முன்னாடியே தெரிஞ்சா மாத்திரை இருக்கு. வருஷா வருஷம் பார்த்துட்டு வந்தா எண்பது வயசு வரைக்கும் இருக்கலாம். தெரியாமலே விட்டாத்தான் இப்படி நின்ன இடத்துல போறது.”

“அந்தப் பிள்ளைங்க மேடம்?”

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தாய்க்கோ தகப்பனுக்கோ இந்தக் குறை இருந்தால் பிள்ளைக்கு வருவது பாதிக்குப் பாதிதான். நாலு கருவில் இரண்டு தப்பிவிடும். ஆனால் எங்கள் மிஷினுக்கு நான்தானே நார்மல். இருபத்தைந்து எழுத்தும் ஒழுங்காக இருக்கிற கருவைப் பார்த்து, இதய ஜீனில் கூடுதலாக எழுத்து இருக்கிறது, கோளாறு என்று தள்ளிவைத்தது. எழுத்து இல்லாத கருவை நல்ல கரு என்று எடுத்துக் கொடுத்தது. தப்பிக்க வேண்டிய பிள்ளைகளைத்தான் நாங்கள் எறிந்திருக்கிறோம்.

“காதுல துளை இருந்தா இதயத்துல இந்தக் குறையும் இருக்குமா?”

“ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டும் உங்ககிட்ட இருந்துச்சு, மிஷின் ரெண்டையும் தேடி எடுத்துச்சு. அவ்வளவுதான்.”

மறுநாள் தெரியாத ஒரு ஊருக்குப் போய், தெரியாத ஒரு டாக்டரிடம் எக்கோ எடுத்தேன். எக்கோவுக்கு ஒப்பிட யாரும் வேண்டாம், தடித்திருந்தால் தடித்திருக்கிறது என்று காட்டிவிடும். காட்டியது. அன்று வேன் வரும் நேரத்துக்கு நான் தெருமுனைப் பக்கம் போகவில்லை. பிறகு எந்த நாளும் போகவில்லை. அந்த வாரம் பட்ட சந்தோஷத்தை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருந்தது.

எங்கள் தலைமை டாக்டர் சியாமளா கெட்டவர் இல்லை. என் எக்கோவையும் பூஜ்யத்தையும் மேஜையில் வைத்துச் சொன்னபோது அவர் கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. அரை மணி நேரம் பேசினோம். அந்த வாரமே புதுக் கரு வைப்பதை நிறுத்தினார். கம்பெனியைக் கூப்பிட்டு, ஒரு ஆளை நம்பாமல் ஆயிரம் பேரைச் சேர்த்துப் புது நார்மல் செய்யச் சொன்னார். அது வந்ததும் பிறந்த குழந்தைகள் அத்தனை பேரையும் திரும்ப ஒப்பிடுவோம், யாருக்குக் குறை தெரிகிறதோ அந்தப் பெற்றோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாமே சொல்வோம் என்றார்.

“அதுவரைக்கும் வெளியே மூச்சு விடாதீங்க உலகம்மா. நாலாயிரம் வீட்டையும் ஒண்ணாப் பதற வைக்க வேண்டாம். யாருக்கு இருக்கோ அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

நியாயமாகத்தான் பட்டது. தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் உதுமானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன், அவர் கொண்டுவந்த பிரியாணியைத் தின்றேன், நஸ்ரின் நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கினாள் என்றார். ரொம்ப ஓடவிடாதீர்கள் என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். கடைசி நாளில் சர்டிபிகேட் கொடுத்தார்கள். உதுமான் என்னைப் போட்டோ எடுத்தார்.

புது நார்மல் வந்தது. மென்பொருள் மாறுகிறது, பிள்ளைகளுக்குப் புது ரிப்போர்ட் தருகிறோம் என்று மட்டும் மையம் பெற்றோர்களுக்குத் தகவல் அனுப்பியிருந்தது. ரிப்போர்ட் போடும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் காலையிலேயே நாலாயிரத்து நூற்றுப் பதினாறு குழந்தைகளின் ஃபைலையும் ஒட்டுமொத்தமாகப் போட்டேன். மத்தியானம் பட்டியல் வந்தது. இதய வரியில் குறை உள்ளவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை.

ஒரு நிமிடம் சாமி காப்பாற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். கும்பிடக்கூடச் செய்தேன். பிறகு என் ஃபைலை எடுத்து அதே நார்மலோடு ஒப்பிட்டேன். முப்பதாயிரம் வர வேண்டும். அறுநூற்றுப் பதினொன்று வந்தது. இதய வரியில் நார்மல் என்று பச்சையில் இருந்தது. என் எக்கோ படம் பையில்தான் இருந்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்த ஆயிரம் பேரை எங்கிருந்து பிடித்தீர்கள் என்று கேட்டேன். போனில் பேசிய பையன் பெருமையாகச் சொன்னான். ஏழு வருடத்தில் எங்கள் மையத்திலும் மற்ற மையங்களிலும் சோதித்த லட்சம் பேரில், ஒரு குறையும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தவர்களாகப் பார்த்து, ஸ்கோர் ரொம்பக் குறைவான ஆயிரம் பேரைப் பொறுக்கினார்களாம்.

பழைய ஸ்கோர். என்னோடு ஒப்பிட்ட ஸ்கோர். எடுத்த ஆயிரமும் நான்தான். அந்த இருபத்தைந்து எழுத்து இல்லாவிட்டாலும் இந்த நார்மலுக்கு அது குறையே இல்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவர் பட்டியலைப் பார்த்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவருக்குத் தூக்கம் வந்ததோ என்னவோ. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆயிரம் பேர் நார்மல் என்று சொல்கிறார்கள், நீங்கள் ஒருத்தி இல்லை என்கிறீர்கள், நான் யாரை நம்ப என்றார். எக்கோ படத்தை நீட்டினேன். வயதானால் யாருக்கும் கொஞ்சம் தடிக்கும் என்றார். ரிப்போர்ட்டை அனுப்புங்கள், பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் என் அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மேஜையில் அச்சான ரிப்போர்ட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர், பெயருக்குக் கீழே சான்றிதழ் எண், கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் பேனா வைக்க இந்த மையத்தில் எனக்கு மட்டும்தான் உரிமை. எட்டு மாதம் பஸ்ஸில் தூங்கி விழுந்து வாங்கிய உரிமை.

வெளியே உதுமான் உட்கார்ந்திருப்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். ரிப்போர்ட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு போக லீவு போட்டு வந்திருக்கிறார், மகளும் கூட வந்திருக்கிறாளாம். நஸ்ரினுடைய ஃபைலைத் திறந்து அந்த ஒரு வரியை என் கண்ணாலேயே பார்த்தேன், இருபத்தைந்து எழுத்து அவளிடமும் இல்லை. கட்டைப் பிரித்து அவளுடைய தாளைத் தேடி எடுத்தேன். இதயம்: நார்மல். அதன் கீழே பேனாவால் எழுதினேன். ‘இந்தக் குழந்தை என்னைப் போல. வருடா வருடம் எக்கோ எடுக்கவும்.’ எழுதிக் கோட்டில் கையெழுத்துப் போட்டேன். பிறகு அவர்களை உள்ளே அனுப்பச் சொன்னேன்.

உதுமான் சிரித்துக்கொண்டே வந்தார். நஸ்ரின் எதிர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். அவர் தாளை வாங்கி நின்றபடியே படித்தார். பச்சை எழுத்தைப் படித்ததும் முகம் மலர்ந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு வந்ததும் சிரிப்பு அப்படியே நின்றது.

“என்னக்கா இது? நார்மல்னுதான போட்டிருக்கு. பொறவு இது என்ன, உங்களப் போலன்னு எழுதியிருக்கிய?”

சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

“உக்காருங்க தம்பி” என்றேன். “அந்த நார்மல் யாருன்னு சொல்லுதேன்.”

அவர் உட்கார்ந்தார். கையை உயர்த்தி, நாற்பது வருடமாக இழுத்து மூடிவைத்திருந்த முடியை இடது காதுக்குப் பின்னால் ஒதுக்கிக் காட்டினேன். உதுமான் என் காதைப் பார்த்தார், திரும்பி மகளைப் பார்த்தார். நஸ்ரின் காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டுத் தன் காதைத் தொட்டுக்கொண்டாள்.